ஜன்னலைத் திறவுங்கள், அப்புறம் செடி வாங்கலாம்

இந்த மாதத்தில் இது மூன்றாவது வீடு. பெரும்பாக்கம் பக்கம் புதிதாகக் கட்டிய அடுக்ககம், ஏழாவது மாடி. குடிவந்து ஐந்து வாரம்தான் ஆகிறது. "மேடம், வாங்கின செடியெல்லாம் மஞ்சளாகுது, வந்து பாருங்க" என்று கூப்பிட்டிருந்தார்கள். கதவைத் திறந்ததும் பெயின்ட் வாசனை, பிளைவுட் பசை வாசனை, அதோடு ஊறிப்போன மண்ணின் பூஞ்சை வாடை. ஹாலில் 11 தொட்டி, படுக்கையறையில் 7. 'காற்றைச் சுத்தப்படுத்தும் செடிகள்' என்று ஆன்லைனில் செட்டாக விற்கிறார்களே, அதுதான். எல்லா ஜன்னலும் சாத்தியிருந்தது. ஏன் என்று கேட்டேன். "செடி சுத்தம் பண்ணின காத்து வெளிய போயிடக் கூடாதுல்ல மேடம்" என்றார் அந்த வீட்டுப் பெண்.

சோபாவில் இருமிக்கொண்டிருந்த மாமனார் என்னைப் பார்த்து, "ஏம்மா, இதுங்க வந்த பிறகுதான் எனக்கு இருமல் ஜாஸ்தி. சொன்னா யாரு கேக்குறா?" என்றார்.

நான் தோட்டக்கலை படித்தவள். சென்னையில் வீடுகளிலும் அலுவலகங்களிலும் செடி வைத்துப் பராமரிப்பதுதான் என் பிழைப்பு. நீங்கள் 18 செடி வாங்கினால் எனக்கு வருமானம்தான். இருந்தாலும் சொல்கிறேன்: வீட்டுக்குள் நாலு தொட்டி வைப்பதால் காற்று சுத்தமாகாது. அழகாக இருக்கும், கண்ணுக்குக் குளிர்ச்சி, காலையில் தண்ணீர் ஊற்றும்போது மனசு லேசாகும். இதற்காகவே தாராளமாக வாங்கலாம். ஏர் பியூரிஃபயர் வேலையை மட்டும் அதன் தலையில் கட்டாதீர்கள்.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "நாசாவே சொல்லியிருக்கு" என்று பதில் வரும். 1989இல் நாசாவுக்காக வுல்வர்ட்டன் என்ற விஞ்ஞானி ஓர் ஆய்வு செய்தார். விண்வெளி நிலையம் மாதிரி இறுக மூடிய இடத்தில் காற்றைச் சுத்தமாக வைத்திருக்கச் செடி உதவுமா என்பது கேள்வி. காற்றுப் புகாத சின்னப் பெட்டிக்குள் செடியை வைத்து, பென்சீன், ஃபார்மால்டிஹைடு, டிரைகுளோரோஎத்திலீன் வாயுக்களை உள்ளே விட்டு, எவ்வளவு குறைகிறது என்று அளந்தார். குறைந்தது, உண்மைதான். அதில் பெரிய பங்கு வேரைச் சுற்றியுள்ள மண்ணுக்கும் அதிலிருக்கும் நுண்ணுயிர்களுக்கும் என்று அதே அறிக்கை சொல்கிறது. அந்த வரியை மட்டும் யாரும் வாட்ஸ்அப்பில் பார்வர்டு செய்வதில்லை.

உங்கள் வீடு அந்தப் பெட்டி இல்லையே. கதவிடுக்கு, பாத்ரூம் வென்டிலேட்டர், ஜன்னல் சட்டம் என்று காற்று வந்துபோய்க்கொண்டேதான் இருக்கிறது. 2019இல் அமெரிக்காவின் டிரெக்செல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர், அதுவரை நடந்த இப்படிப்பட்ட ஆய்வுகளையெல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். ஒரு கட்டடத்தில் சாதாரணமாக உள்ளே வெளியே போய்வரும் காற்று இந்த வாயுக்களை எந்த வேகத்தில் குறைக்கிறதோ, அதே வேகத்தில் செடிகள் குறைக்க வேண்டுமானால், தரையில் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 10 முதல் 1000 செடி தேவை. பத்துக்குப் பத்து அறை என்பது சுமார் 9 சதுர மீட்டர். குறைந்த கணக்கிலேயே 90 தொட்டி ஆகிறது. கட்டிலை எங்கே போடுவீர்கள்?

நம் ஊரில் 'மூன்றே செடி போதும்' என்ற பேச்சு பரவியதற்கு டெல்லித் தொழிலதிபர் கமல் மீட்டல் 2009இல் டெட் (TED) மேடையில் ஆற்றிய உரை ஒரு முக்கியக் காரணம். அரிகா பனை, பாம்புச் செடி, மணி பிளான்ட் ஆகிய மூன்று வகைகளை அவர் சொன்னார். ஆனால் ஆளுக்குத் தோளுயர அரிகா 4, இடுப்புயர பாம்புச் செடி 6 முதல் 8 என்றும் அதே உரையில் சொன்னார். நாலு பேர் உள்ள வீட்டுக்கு அரிகா மட்டும் 16. மக்கள் மூன்று என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு, வகைக்கு ஒன்றாக மூன்று தொட்டி வாங்கி டி.வி.க்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்கள்.

அடுத்தது, என்னை அதிகம் படுத்தும் கேள்வி: "ராத்திரியும் ஆக்சிஜன் தர்ற செடி எது மேடம்?" எதுவும் தராது. வெளிச்சம் இருந்தால்தான் செடி ஆக்சிஜன் விடும். பாம்புச் செடி, கற்றாழை போன்றவை ராத்திரியில் இலைத்துளையைத் திறந்து கரியமில வாயுவை உள்ளே இழுத்துச் சேமித்துக்கொள்ளும். வறண்ட நாட்டுச் செடிகள், பகலில் துளையைத் திறந்தால் உடம்புத் தண்ணீர் போய்விடும் என்பதால் அந்த ஏற்பாடு. சேமித்ததைச் சமைப்பதும் ஆக்சிஜன் வருவதும் விடிந்த பிறகுதான். துளசிக்கும் இதே பதில்தான், கோபித்துக்கொள்ளாதீர்கள். இதற்கு நேர் எதிராக, "ராத்திரி செடி நம்ம ஆக்சிஜனைக் குடிச்சிடும்" என்று பயந்து தினமும் தொட்டிகளை ஹாலுக்குத் தூக்கிப்போகும் அம்மாக்களும் இருக்கிறார்கள். பத்தடி உயரமுள்ள அந்தப் பத்துக்குப் பத்து அறையில் ஏறக்குறைய 28,000 லிட்டர் காற்று, அதில் ஆக்சிஜன் 5,900 லிட்டர். எட்டு மணி நேரத் தூக்கத்துக்கு ஓர் ஆளுக்குச் சுமார் 120 லிட்டர் போதும். செடி எடுத்துக்கொள்வது அதைவிட எவ்வளவோ குறைவு. இடுப்பு வலியோடு தொட்டி தூக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும்.

சரி, பெரும்பாக்கம் வீட்டுக்கு வருகிறேன். படுக்கையறைப் பாம்புச் செடியின் தொட்டி மண்ணில் கொசுவர்த்திச் சுருளின் தகர ஸ்டாண்டைச் செருகியிருந்தார்கள். காற்றைச் சுத்தப்படுத்த வாங்கிய தொட்டி! ஒரு சுருள் முழுதாக எரிந்தால் வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003இல் ஓர் ஆய்வு அளந்து சொன்னது. இங்கே அதை ஏற்றுவது மூடிய அறையில், ஏ.சி. ஓடும்போது. ஸ்பிளிட் ஏ.சி. வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை, உள்ளே இருப்பதையேதான் சுற்றிச் சுற்றி அனுப்புகிறது. பிளைவுட் பசையிலிருந்து கசியும் ஃபார்மால்டிஹைடு, பூஜையறைச் சாம்பிராணி, சுருள் புகை எல்லாம் அதே அறைக்குள். பெரியவர் இருமாமல் என்ன செய்வார்?

"ஏழாவது மாடிக்குக் கொசு எப்படிங்க வருது, பில்டர் வராதுன்னு சொன்னாரே" என்றார் மருமகள். சமையலறை மேடையைப் பார்த்தேன். கண்ணாடி பாட்டிலில் மணி பிளான்ட், வரிசையாக ஐந்து. ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினேன். உள்ளே புழுக்கள் நெளிந்து நெளிந்து நீந்திக்கொண்டிருந்தன. பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எண்ணவே ஆரம்பித்துவிட்டார்.

டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு வீட்டுக்குள்ளும் வீட்டைச் சுற்றியும் தேங்கும் தெளிந்த தண்ணீர்தான் பிடிக்கும். முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். மாநகராட்சியிலிருந்து கொசுப்புழு பார்க்க வருபவர்கள் பூந்தொட்டித் தட்டையும் மணி பிளான்ட் பாட்டிலையும் தேடுவது சும்மா இல்லை. அவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பாதீர்கள். தண்ணீரில் வளர்த்தே தீருவேன் என்றால் வாரம் ஒரு முறை தண்ணீரைக் கொட்டி, பாட்டிலின் உள்பக்கத்தைப் பிரஷ்ஷால் தேயுங்கள். முட்டை சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. வெறுமனே தண்ணீர் மாற்றினால் போதாது. தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டுக்கும் இதேதான். என்னைக் கேட்டால், மணி பிளான்ட்டை மண்ணில் வையுங்கள், இன்னும் நன்றாகவே வளரும்.

செடிகள் ஏன் மஞ்சளாயின? தினமும் தண்ணீர். வேறொன்றுமில்லை. நான் பார்க்கும் வீட்டுச் செடிகளில் பாதிக்கு மேல் தாகத்தில் சாவதில்லை, மூழ்கிச் சாகின்றன. ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விடுங்கள். ஈரம் தட்டினால் அன்று தண்ணீர் கிடையாது. பாம்புச் செடிக்கும் இசட் இசட் செடிக்கும் மண் முழுக்கக் காய்ந்த பிறகுதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் மூன்று வாரம்கூடத் தாங்கும். பீஸ் லில்லி மட்டும் தாகம் எடுத்தால் இலையைத் தொங்கப்போட்டு உங்களிடமே சொல்லிவிடும். ஊறிய மண்ணின் மேல் வெள்ளையாகப் படர்வது பூஞ்சை. ஆஸ்துமா, சளித் தொந்தரவு இருப்பவர்களுக்கு அது ஆகாது. மேல் மண்ணை ஓரங்குலம் சுரண்டி எடுத்துவிட்டு, தொட்டியை வெளிச்சத்தில் வைத்துக் காயவிடுங்கள். கீமோதெரபி எடுப்பவர், உறுப்பு மாற்று செய்துகொண்டவர் வீட்டில் இருந்தால், அவர் அறைக்குள் மண் தொட்டியே வேண்டாம். மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓட்டையில்லாத செராமிக் தொட்டியைக் கண்டுபிடித்தவரை ஒரு நாள் சந்திக்க வேண்டும். அழகுக்காக அதை வாங்கியிருந்தால், ஓட்டையுள்ள பிளாஸ்டிக் தொட்டியில் செடியை வைத்து அதற்குள் இறக்குங்கள். மண் கலவை செம்மண் ஒரு பங்கு, தேங்காய் நார்த்தூள் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. நர்சரியிலிருந்து வரும் களிமண் உருண்டையோடு அப்படியே விட்டுவிடாதீர்கள்.

இலை நுனி காய்ந்து பழுப்பாவதற்கு வேறு காரணம். சென்னையில், அதிலும் திருவான்மியூர், கொட்டிவாக்கம் மாதிரி கடலோரப் பக்கம், போர்வெல் தண்ணீரில் உப்பு. ஸ்பைடர் செடியும் அரிகாவும் அதைத் தாங்காது. இதைவிடக் கொடுமை, வீணாக்க மனசில்லாமல் ஆர்.ஓ. மெஷினின் கழிவுத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுவது. வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தானே இருக்கிறது! அதை வைத்துத் தரை துடையுங்கள். செடிக்கு ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து ஊற்றுங்கள், அதில் உப்பே கிடையாது. மழைத் தண்ணீர் கிடைத்தால் இன்னும் விசேஷம்.

நிழல் செடி என்றால் இருட்டுச் செடி என்று அர்த்தமில்லை. பகலில் விளக்குப் போடாமல் அந்த இடத்தில் உட்கார்ந்து பேப்பர் படிக்க முடிகிறதா? முடிந்தால் வையுங்கள். பக்கத்துக் கட்டடம் ஐந்தடியில் நிற்கும் நம் ஊர்ப் படுக்கையறைகளில் பாம்புச் செடியும் இசட் இசட்டும்தான் ஓரளவு தாக்குப்பிடிக்கும். அரிகாவுக்குப் பால்கனி ஓர வெளிச்சம் வேண்டும். மூலையில் வைத்தால் மூன்றே மாதம். இரண்டு செட் வைத்துக்கொண்டு 15 நாளுக்கு ஒரு முறை பால்கனிக்கும் உள்ளேயும் மாற்றுவது நல்ல பழக்கம். கத்திரி வெயிலில் மட்டும் உள்ளிருந்ததை நேராக வெயிலில் கொண்டுபோய் வைத்துவிடாதீர்கள், ஒரே நாளில் இலை வெந்துவிடும். மெட்ரோ வேலை நடக்கும் ஓ.எம்.ஆர். பக்கம் இருப்பவர்கள் வாரம் ஒரு முறை ஈரத்துணியால் இலையைத் துடைக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் பூசிப் பளபளப்பாக்காதீர்கள், இலைத்துளை அடைத்துக்கொள்ளும்.

கடைசியாக, தவழும் குழந்தை இருக்கும் வீட்டுக்காரர்கள் தயவுசெய்து இதை மட்டுமாவது படியுங்கள். டைஃபன்பாகியா, மணி பிளான்ட், அக்ளோனிமா, பீஸ் லில்லி எல்லாம் சேம்புக் குடும்பம். கருணைக்கிழங்கு நாக்கில் அரிக்கிறதே, அதே ஊசிப் படிகம்தான் இவற்றின் இலையிலும் தண்டிலும். கிழங்கைப் புளி ஊற்றி வேகவைக்கிறோம், குழந்தை பச்சையாகக் கடிக்கும். வாயும் நாக்கும் வீங்கும், எச்சில் வழியும். வாயைத் துடைத்துக் கழுவி, குளிர்ந்த தண்ணீரோ பாலோ கொடுத்து மருத்துவரிடம் தூக்கிப்போங்கள், வாந்தி எடுக்கவைக்காதீர்கள். மூச்சுத் திணறினால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரி. பூனை, நாய் வைத்திருப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. உங்களுக்கு ஸ்பைடர் செடியும் அரிகாவும் போதும்.

அந்த வீட்டில் 18 தொட்டியில் ஆறை உள்ளே விட்டு, ஒன்பதைப் பால்கனிக்கு மாற்றினேன். மூன்று அழுகிப்போயிருந்தன. டைஃபன்பாகியாவை மேல் தட்டில் ஏற்றினேன், பேத்திக்கு ஒன்றரை வயது. பாட்டில் ஐந்தையும் கவிழ்த்துக் கழுவினோம். ஜன்னல்களுக்குக் கொசுவலை அடிக்கச் சொன்னேன். புது வாசனை போகும்வரை காலையும் மாலையும் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவையுங்கள், தாளிக்கும்போது எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடட்டும், சுருள் வேண்டவே வேண்டாம், இருமலுக்கு டாக்டரைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நேற்று பெரியவரே போன் செய்தார். வலை அடித்தாகிவிட்டதாம். "ஜன்னல் திறந்துதான்மா இருக்கு. ஸ்பைடர் செடி குட்டி விட்டிருக்கு, வெட்டி பாட்டில்ல போடட்டுமா?"

"மண்ணுல வைங்கப்பா" என்றேன்.