பேட்டா ஏறினால் சம்பளம் ஏறியதாக ஆகாது

இந்த மாதமும் அதே கதைதான். பண்ருட்டிப் பக்கத்து லாரி ஓட்டுநர் ஒருவர் வேலையில் இருக்கும்போதே விபத்தில் இறந்துபோனார். "மாசம் இருபத்தி நாலாயிரம் கொண்டுவருவார் சார்" என்கிறார் அவர் மனைவி. பொய்யில்லை. ஆனால் ஓனர் காட்டும் பதிவேட்டில் சம்பளம் 9,000 ரூபாய்தான். மீதியெல்லாம் பேட்டா, அதாவது டிரிப்புக்கு இவ்வளவு என்று கொடுக்கும் படி, அதுவும் துண்டுச் சீட்டில். கடலூரில் தொழிலாளர் வழக்குகள் நடத்தும் எனக்கு இந்தக் கணக்கைப் பார்க்கும்போதெல்லாம் கோபம் வருகிறது.

நம்ம லைனில் சம்பளம் நன்றாக ஏறிவிட்டது என்று ஓட்டுநர்களும் சொல்கிறார்கள், ஓனர்களும் சொல்கிறார்கள். என்னிடம் வரும் சீட்டுகளைப் பார்த்தால் ஏறியிருப்பது டிரிப் பேட்டாவும் கமிஷனும்தான். குடோன் ஆட்களுக்கு மூட்டைக் கூலியும் இன்சென்டிவும். அடிப்படைச் சம்பளம் நின்ற இடத்திலேயே நிற்கிறது. தமிழ்நாட்டில் குறைந்தபட்ச ஊதியத்தின் பஞ்சப்படி, விலைவாசிக் குறியீட்டை வைத்து ஆண்டுதோறும் ஏப்ரல் 1 முதல் மாற வேண்டும். போன வருடச் சீட்டையும் இந்த வருடச் சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பல இடங்களில் ஒரு ரூபாய்கூட மாறியிருக்காது.

"எந்தப் பேர்ல வந்தா என்ன சார், கைக்கு வருதுல்ல?" இந்த ஒரு கேள்விதான் எத்தனையோ குடும்பங்களைக் கெடுத்திருக்கிறது. சரி, கணக்கையே போடுவோம். ஈஎஸ்ஐ என்ற அரசுத் தொழிலாளர் காப்பீடு இல்லாத ஓட்டுநர் வேலையில் இறந்தால், மாத ஊதியத்தில் பாதியை வயதுக்குரிய காரணி எண்ணால் பெருக்கி இழப்பீடு தருவார்கள். 40 வயதுக்கு அந்த எண் 184.17. கணக்கில் எடுக்கும் ஊதியத்தின் உச்சவரம்பு 2020 ஜனவரியில் 15,000 ரூபாய் ஆனது. ஊதியம் 15,000 என்று நிரூபித்தால் குடும்பத்துக்கு 13,81,275 ரூபாய். 9,000தான் என்று நின்றுவிட்டால் 8,28,765. ஐந்தரை லட்சம் போயிற்று. பேட்டா வழிச்செலவுக்குக் கொடுத்தது, ஊதியமில்லை என்றுதான் இன்சூரன்ஸ் தரப்பு வாதாடும். குறைந்தபட்ச ஊதிய அரசாணையைக் காட்டி எதிர்வாதம் செய்யலாம், செய்கிறோம். அதற்குள் பிள்ளைகளின் படிப்பு நின்றுபோகிறது.

பிஎஃபும் அப்படியே. "அடிப்படையைக் குறைச்சுப் போட்டா பிடித்தம் குறையும்" என்று தொழிலாளியே தலையாட்டிவிடுகிறார். 15,000க்கு உங்களிடம் 1,800 பிடித்தால் ஓனரும் 1,800 போட வேண்டும். 9,000 என்றால் இரண்டு பக்கமும் 1,080. மாதம் 720 ரூபாய் கைக்குக் கூடுதலாக வருகிறது என்று நினைக்கிறீர்கள். ஓனர் போட வேண்டிய 720ஐ விட்டுக்கொடுத்ததைக் கவனிப்பதில்லை. பிஎஃபோடு வரும் காப்பீட்டில் சராசரி ஊதியத்தின் 35 மடங்கு ஒரு முக்கியப் பகுதி. அதுவும் சுருங்கும். பென்ஷன், கிராஜுவிட்டி, இரட்டைக் கூலியாக வர வேண்டிய ஓவர்டைம், எல்லாவற்றுக்கும் அடி இதே இடத்தில்தான் விழுகிறது.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பில் இதற்கு ஒரு கடிவாளம் இருக்கிறது. ஊதியத்தில் சேராத படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகையையும் ஊதியமாகவே எடுக்க வேண்டும். மொத்தம் 24,000, அடிப்படை 9,000 என்றால், படிகள் 15,000. பாதிக்கு மேல் போன 3,000 சேர்ந்து ஊதியம் 12,000 ஆகும். ஆனால் பேட்டா கணக்கிலேயே ஏறாமல் கையில் கொடுக்கப்பட்டால் எதை எதோடு கூட்டுவது?

கடலூர்-புதுச்சேரி எல்லைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. முள்ளோடைக்கு அந்தப் பக்கம் புதுச்சேரியின் குறைந்தபட்ச ஊதியம், இந்தப் பக்கம் தமிழ்நாட்டினுடையது. வீடு ரெட்டிச்சாவடியில் இருந்தாலும் வேலை கிருமாம்பாக்கம் குடோனில் என்றால் புதுச்சேரி அரசாணையைத்தான் பார்க்க வேண்டும்.

அப்புறம், தயவுசெய்து இதைச் செய்யுங்கள். பேட்டாவை வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். ஜிபேயில் வந்தாலும் பரவாயில்லை, தடயம் இருக்கும். டிரிப் சீட்டுகளைப் போட்டோ எடுத்து வீட்டுக்காரம்மாவுக்கு அனுப்பி வையுங்கள். வெற்று வவுச்சரில் கையெழுத்துப் போடாதீர்கள், எத்தனை முறை சொல்வது! உமங் செயலியில் பிஎஃப் பாஸ்புக்கைத் திறந்து, எந்தத் தொகைக்குப் பணம் கட்டுகிறார்கள் என்று பாருங்கள். லோடுமேன்கள், மேஸ்திரியின் நோட்டை மட்டும் நம்பாமல் தனியாக ஒரு நோட்டில் தேதியும் மூட்டைக் கணக்கும் எழுதுங்கள்.

குறைவு தெரிந்தால் கடலூரில் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்துக்கோ, புதுச்சேரி என்றால் அங்குள்ள தொழிலாளர் துறைக்கோ எழுத்தில் மனுக் கொடுங்கள். வாங்கிக்கொண்டதற்கு முத்திரை வாங்காமல் வராதீர்கள். புதிய சட்டத்தில் ஊதியக் கோரிக்கைக்கு மூன்று ஆண்டு அவகாசம் இருக்கிறது. வேலையை விட்ட பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அதைக் கழித்துவிட்டு என்னிடம் வராதீர்கள்.