பைட்டுக்குள் 256 அடங்காது, தம்பி

இந்த வருஷம் இதே கோளாறோடு என்னிடம் வரும் நாலாவது லேப்டாப் இது. நான் கீழக்கரையில் சி, பைத்தான் என்ற கணினி மொழிகளைச் சொல்லிக்கொடுக்கிறேன். சர்வீஸும் பார்க்கிறேன். போன வாரம் ஏர்வாடியிலிருந்து ஒரு கல்லூரிப் பையன் பஸ் ஏறி வந்தான். பாஸ்வேர்டு அடித்தாலும் உபுண்டு (விண்டோஸ் மாதிரி ஒரு இயங்குதளம்) மறுபடி மறுபடி லாகின் திரைக்கே வந்து நிற்கிறதாம்.

"வைரஸ்தான் சார். ஃபார்மெட் அடிச்சாத்தான் சரியாகும்னு வேற கடையில சொல்லிட்டாங்க. தங்கச்சி கல்யாண போட்டோ பூரா இதுலதான் இருக்கு. வாப்பாவுக்கு இன்னும் தெரியாது."

கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தி எழுத்துத் திரைக்குப் போனேன். லாகின் ஆனது. டிஸ்க்கில் எவ்வளவு இடம் மிச்சம் என்று காட்டும் டிஎஃப் கட்டளை கொடுத்தால், டிஸ்க் 100 சதவீதம் நிறைந்திருந்தது. அவனுடைய ஃபைல்கள் இருக்கும் ஹோம் ஃபோல்டரில் 'கலர்ஸ்' என்று ஒரே ஒரு ஃபைல், 140 ஜிபிக்கு மேல். "இது என்னப்பா?" என்று கேட்டேன். "எல்லாக் கலரும் வர்ற மாதிரி புரோகிராம் எழுதினேன் சார். கோடிக்கணக்குல இருக்குல்ல, லேட்டாகும்னு ராத்திரி ஓட விட்டுட்டுத் தூங்கிட்டேன்."

லேட்டாகாது தம்பி. திரையில் ஒவ்வொரு நிறமும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றின் கலவை, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை அளவு. ஆக சிவப்பு 256, பச்சை 256, நீலம் 256. பெருக்கினால் 1,67,77,216. மனுஷனுக்குத்தான் இது பெரிய எண். சி மொழிக்கு ஒரு வாய் டீ குடிக்கும் நேரம். ஒரு நிறத்துக்கு ஒரு வரி என்று மூன்று எண்களையும் எழுதினால் மொத்த ஃபைலும் சுமார் 180 எம்பிதான் வரும். ஓட விடுவதற்கு முன் இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டிருந்தாலே, பத்து நிமிஷம் தாண்டியதும் சந்தேகம் வந்திருக்கும்.

ஃபைலின் தலைப்பகுதியை மட்டும் எடுத்துப் பார்த்தோம். 0 0 0, அடுத்து 0 0 1, அப்படியே 0 0 255 வரை. அடுத்த வரி? மறுபடியும் 0 0 0. வால்பகுதியைப் பார்த்தாலும் இதே கதை. விடிய விடிய ஓடி 140 ஜிபியை நிரப்பியது கறுப்பிலிருந்து நீலம் வரைக்குமான வெறும் 256 நிறங்கள். சிவப்போ பச்சையோ ஒரு சொட்டுகூட இல்லை.

காரணம் ஒரே ஒரு வரி. நீலத்தின் எண்ணை அன்சைன்டு கேரக்டர் (ஒரே பைட்டில் அடங்கும், 0 முதல் 255 வரை மட்டும் கொள்ளும் வகை) என்று அறிவித்துவிட்டு, "255-க்குச் சமமாகவோ குறைவாகவோ இருக்கும்வரை சுற்று" என்று எழுதியிருந்தான். நிறம் ஒரு பைட்தானே, பைட்டுக்கு ஏற்ற வகையைப் போட்டால் சிக்கனம் என்று எல்லாப் பிள்ளைகளும் இதையே நினைக்கிறார்கள். கேளுங்கள். லூப், அதாவது அந்தச் சுற்று, நிற்க வேண்டுமானால் அந்த எண் 256-ஐத் தொட்டாக வேண்டும். பைட்டால் 256-ஐத் தொடவே முடியாது. பழைய பைக்கின் மீட்டர் 99999-க்குப் பிறகு 00000-க்குத் திரும்புகிற மாதிரி 255-க்குப் பிறகு 0-க்கு வந்துவிடும். 0 எப்போதும் 255-ஐவிடக் குறைவுதான். ஆகவே நிபந்தனை என்றைக்கும் பொய்யாகாது, லூப்பும் நிற்காது. "256-க்குக் குறைவாக" என்று மாற்றி எழுதினாலும் இதே கதிதான். நொடிக்கு 30 எம்பி எழுதினால்கூட ஒரு மணி நேரத்தில் 108 ஜிபி.

இதைவிட எனக்கு எரிச்சல் தருவது இதற்குப் பிள்ளைகள் செய்யும் வைத்தியம். "255-க்குக் குறைவாக" என்று மாற்றிவிட்டு, "நின்னுடுச்சு சார்" என்கிறார்கள். நின்றது சரி, வெள்ளை எங்கே? தூய சிவப்பு எங்கே, மஞ்சள் எங்கே? 255-ஐ மூன்று முறை பெருக்கினால் 1,65,81,375. காணாமல் போனவை 1,95,841 நிறங்கள். பிபிஎம் என்ற எளிய பட ஃபைலின் தலைப்பில் 255 என்று போடுகிறோமே, அங்கிருந்துதான் இந்தக் குழப்பம். அது எண்ணிக்கை இல்லை, உச்ச மதிப்பு. பூஜ்யத்தையும் சேர்த்து எண்ணுங்கள், 256 வரும். 4096-க்கு 4096 படத்தில் எல்லா நிறமும் ஒரு முறை வந்து, ஒரு புள்ளிகூட மிச்சமில்லாமல் சரியாக நிரம்பும். குறைந்தால் உங்கள் எல்லை தப்பு.

எண்ணை சாதாரண இன்ட் (255-ஐத் தாண்டியும் எண்ணக்கூடிய முழு எண் வகை) என்று அறிவியுங்கள். அவ்வளவுதான் மருந்து. அல்லது 0 முதல் 1,67,77,215 வரை ஒரே எண்ணாக ஓட்டி, 65,536-ஆலும் 256-ஆலும் வகுத்து மூன்று நிறத்தையும் பிரித்துக்கொள்ளுங்கள். நான் இரண்டாவதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

முதலில் சின்னதாக ஓட்டிப் பார் என்று நானே வகுப்பில் சொல்வேன். இங்கே அது காப்பாற்றாது. 0 முதல் 3 வரை ஓட்டினால் 64 வரி சுத்தமாக வந்து நின்றுவிடும். தப்பு 255-இன் விளிம்பில் அல்லவா உட்கார்ந்திருக்கிறது. விளிம்பில் சோதியுங்கள். சி புரோகிராமைத் தொகுக்கும் ஜிசிசி-க்கு, கூடுதல் எச்சரிக்கை கேட்கும் டபிள்யூ-எக்ஸ்ட்ரா என்ற விருப்பத்தைக் கொடுத்துத் தொகுத்தால், இந்த ஒப்பீடு எப்போதும் உண்மை என்று அதுவே எச்சரிக்கும். எச்சரிக்கையைப் படிக்காமல் திரையைத் துடைக்கிற பழக்கத்தை விடுங்கள்.

எடுத்த எடுப்பில் வெளியீட்டை ஃபைலுக்குத் திருப்பாதீர்கள். முதலில் அதை வரி எண்ணும் கட்டளைக்கு அனுப்பிப் பாருங்கள். 16777216 வந்தால் சரி. அரை நிமிஷமாகியும் பதில் வராவிட்டால் கண்ட்ரோல்-சி அழுத்தி நிறுத்துங்கள். ஃபைல் கட்டாயம் வேண்டுமானால், அதற்கு முன் ஃபைல் அளவுக்கு எல்லை வைக்கும் யூலிமிட் கட்டளை போட்டு ஒரு ஜிபிக்கு வரம்பு கட்டுங்கள். பைத்தான்காரர்கள் எல்லா நிறத்தையும் ஒரு லிஸ்டில் சேர்த்துவிட்டு அப்புறம் அச்சடிக்கிறார்கள். ராமில் ஒரு ஜிபிக்கு மேல் போய்விடும். 2 ஜிபி உள்ள பழைய லேப்டாப் அப்படியே உறைந்துபோகும். ஒவ்வொன்றாக எழுதிவிட்டு நகருங்கள், சேர்க்காதீர்கள்.

இன்னொன்று. "எல்லா நிறமும்" என்றால் எட்டு பிட் மதிப்புகள் எல்லாம் என்று மட்டுமே பொருள். திரைகள் காட்ட வேண்டிய நிறங்களை வகுக்கும் எஸ்ஆர்ஜிபி என்ற வரையறைக்குள் அடர்ந்த பச்சை-நீலங்கள் பல அடங்குவதில்லை. பாம்பன் பாலத்தில் நின்று கடலைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

ஏற்கெனவே டிஸ்க் நிரம்பி லாகின் ஆகவில்லையா? தயவுசெய்து ஃபார்மெட் செய்யாதீர்கள், யாரையும் செய்ய விடாதீர்கள். எழுத்துத் திரையில் நுழைந்து, அந்தப் புரோகிராம் இன்னும் ஓடுகிறதா என்று பார்த்து முதலில் அதை நிறுத்துங்கள். பிறகு அந்தப் புரோகிராம் எழுதிய பெரிய ஃபைலைத் தேடி, ஆர்எம் கட்டளையால் அழித்து, ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஏர்வாடிப் பையனுக்குப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. கல்யாண போட்டோ ஒன்றுகூடப் போகவில்லை. கிளம்புவதற்குள் ஒரு பென்டிரைவிலும் ஏற்றிக் கொடுத்தனுப்பினேன்.