ஜே, கே, பி, ஓ: ஸ்கிரீன் ரீடர் தமிழை எப்படிப் படிக்கிறது?

கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். சில வருடங்களுக்கு முன் பார்வையற்ற மாணவர் ஒருவருக்கு என் நோட்ஸ் ஃபைலை அனுப்பினேன். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் நானே அடித்தது. மறுநாள் மடிக்கணினியோடு வந்தவர், ஹெட்ஃபோனைக் கழற்றி என்னிடம் நீட்டினார். "நீங்களே கேளுங்க சார்." தலைப்பு 'தமிழ்நாட்டு வரலாறு'. காதில் விழுந்ததோ "ஜே, கே, பி, ஓ..." என்று ஏதோ வண்டி நம்பர் மாதிரி.

பார்வையற்றவர்களுக்குத் திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் மென்பொருள்தான் ஸ்கிரீன் ரீடர். அந்தப் பெயரே கொஞ்சம் ஏமாற்றும். அது திரையைப் பார்ப்பதே இல்லை. வேர்டு, பிரவுசர் போன்ற மென்பொருள்கள் 'இது பொத்தான், பெயர் சேமி', 'இது டிக் பெட்டி, தேர்வாகியிருக்கிறது' என்று உள்ளுக்குள் ஒரு விவரம் வைத்திருக்கும். ஸ்கிரீன் ரீடர் அதைக் கேட்டு வாங்கி, குரல் கொடுக்கும் மென்பொருளிடம் தள்ளிவிடும். அவ்வளவுதான் வேலை. என் மாணவர் வைத்திருந்தது என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடர், 2006-இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் தொடங்கியது. கரனுக்கும் பார்வை கிடையாது. காசு கொடுக்காமல் இறக்கிக்கொள்ளலாம்.

சரி, தமிழ் எங்கே காணாமல் போனது? கணினிக்கு எழுத்து என்பது ஓர் எண். யூனிகோடு என்ற உலகப் பொதுக் குறியீட்டு முறையில் 'தமிழ்' என்று அடித்தால் உள்ளே பதிவாவது 2980, 2990, 3007, 2996, 3021. த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. இந்த எண்கள் தமிழுக்கென்றே ஒதுக்கப்பட்டவை. பாமினியில் அதே சொல்லை அடித்தால் பதிவாவது 106, 107, 112, 111, 59. இவை ஆங்கில ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஒரு அரைப்புள்ளி. ஜே-யின் உருவத்துக்குப் பதிலாக 'த' வடிவத்தை வரைந்து வைத்திருக்கிறார்கள். எழுத்துரு செய்கிற மாயம் அது ஒன்றுதான். கண் மயங்கிவிடும். ஸ்கிரீன் ரீடருக்குக் கண் இல்லையே!

பழைய எழுத்துருக்களில் இன்னொரு வம்பும் உண்டு. 'கெ' அடிக்க முதலில் கொம்பு, பிறகு க. பார்வைக்கு எந்த வரிசையோ அதே வரிசை. யூனிகோடில் முதலில் க, பிறகுதான் கொம்பு, நாம் உச்சரிக்கிற முறைப்படி. சில பிடிஎஃப்களிலிருந்து தமிழை நகலெடுத்து ஒட்டினால் கொம்பும் காலும் இடம் மாறிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கிடக்கின்றன.

எழுத்து சரியாக இருந்தாலும் அதை ஒலியாக்குவது தனிப் பாடு. 'கடல்', 'தங்கம்', 'பகல்' என்று சொல்லிப் பாருங்கள். மூன்றிலும் அதே க. ஒலி மூன்று விதம். சொல்லின் முதலிலா, ங்-க்குப் பின்னா, இரண்டு உயிர்களுக்கு நடுவிலா என்று பார்த்துக் குரல் மென்பொருள் முடிவு செய்யும். விதி ஒழுங்கானதுதான். ஆனால் 'பல்'லும் 'பஸ்'ஸும் ஒரே எழுத்தில் தொடங்குகின்றனவே, அங்கே விதி கைவிரித்துவிடும். அப்படிப்பட்ட சொற்களைத் தனியாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

என் மாணவர் கேட்டது இ-ஸ்பீக் என்ற மென்பொருளின் குரல். யாரும் பேசிப் பதிவு செய்ததல்ல, ஒலியையே கணக்குப் போட்டு உருவாக்குவது. எனக்குத் தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவது போல இருந்தது. "இனிமையான குரல் இருக்கே, அதை வைக்கலாமே" என்றேன். சிரித்தார். வேகத்தைக் கூட்டினால் அந்த இனிமையான குரல்கள் குழறுமாம், இது குழறாது. அவர் கேட்கிற வேகத்தில் எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. அவருக்கு அதுதான் சாதாரண வாசிப்பு.

எழுத்துரு மாற்றியில் போட்டு நோட்ஸை யூனிகோடுக்குக் கொண்டுவந்தேன். அடுத்த புகார் தலைப்புகள். எச் விசையை அழுத்தி அடுத்த தலைப்புக்குத் தாவுவதுதான் அவருக்குப் பக்கம் புரட்டுவது. நான் தலைப்புகளைத் தடித்த எழுத்தாக்கிப் பெரிதுபடுத்தியதோடு சரி. வேர்டில் 'ஹெட்டிங்' என்று குறிக்கவில்லை. ஆகவே இருபது பக்கமும் அவருக்கு ஒரே பத்தி.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் மாற்றுத்திறனாளிகளுக்குக் குறைந்தது 5 சதவீத இடம் ஒதுக்கச் சொல்கிறது. கல்லூரிக்குள் வந்துவிட முடிகிறது. ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் செய்த நோட்ஸுக்குள் நுழைவதுதான் கஷ்டம். ஸ்கேன் என்பது வெறும் படம், எழுத்துணரி மென்பொருளில் போட்டுத்தான் எழுத்தாக்க வேண்டும். கோணலாக நகலெடுத்த பக்கத்தில் அதுவும் தடுமாறும்.

ஒரு வாரம் கழித்து மறுபடி வந்தார். "பதினோராம் பக்கத்துல ஒரு படம் இருக்கு சார். 'கிராஃபிக்'னு மட்டும் சொல்லுது." தஞ்சைப் பெரிய கோயிலின் தரைப்படம் அது. படத்துக்குப் பதிலாக ஸ்கிரீன் ரீடர் படிக்கும் மாற்று உரையை எழுத உட்கார்ந்தேன். 'கிழக்கிலிருந்து மேற்காக: கேரளாந்தகன் கோபுரம், ராஜராஜன் கோபுரம், நந்தி மண்டபம், கருவறை. விமானம் கருவறைக்கு மேல்.' அவர் கேட்டு முடிக்கச் சில நொடிகூட ஆகவில்லை.

"நந்தி எந்தப் பக்கம் பார்த்துட்டு இருக்கு சார்?"

அதை எழுதவில்லை. 'மேற்கு நோக்கி' என்று சேர்த்தேன்.