டெலிரியம்: தமிழில் எப்படிச் சொல்வது?

இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் முடிந்த ஆயா, இரண்டாம் நாள் ராத்திரி டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்கிப் போடுகிறார். பெற்ற மகளையே "நீ யாரு?" என்கிறார். எப்போதோ செத்துப்போன அண்ணனைக் கூப்பிட்டுப் பேசுகிறார். வேலூர்ப் பக்கம் இதைப் பார்க்கிறவர்கள் "ஜன்னி கண்டுடுச்சி" என்பார்கள், "புத்தி பேதலிச்சிடுச்சி" என்பார்கள். மருத்துவர் சீட்டில் எழுதுவது டெலிரியம்.

சொல் லத்தீனிலிருந்து வந்தது. 'லிரா' என்றால் ஏர் ஓட்டும்போது இரு சால்களுக்கு நடுவே எழும் மண்வரம்பு. 'டெ' என்றால் விலகி. ஏர் சால் விட்டு விலகிப்போவதைக் குறித்த சொல், புத்தி தடம் மாறுவதற்கு ஆகிவந்தது. கி.பி. முதல் நூற்றாண்டிலேயே ரோமானிய நூலாசிரியர் செல்சஸ் தன் மருத்துவ நூலில் இதைக் கையாண்டிருக்கிறார். ஏருக்குப் பின்னால் நடந்து சாலில் மல்லாட்டை விதை போட்ட வட ஆர்க்காட்டு ஆயாக்களுக்கு இந்த வேர்ச்சொல் சொன்ன மாத்திரத்தில் புரியும்.

தமிழில் எதைச் சொல்வது? ஜன்னி என்பது சன்னிபாதத்தின் சுருக்கம்: வாதம், பித்தம், கபம் மூன்றும் ஒருசேரக் கெட்ட நிலை. காய்ச்சலில் பிதற்றுவதை அது நன்றாகவே குறிக்கும். ஆனால் இன்று ஜன்னி என்றால் பலருக்குக் கை கால் இழுப்புதான் நினைவுக்கு வருகிறது. சித்தப்பிரமையில் பைத்தியத்தின் வாடை இருக்கிறது. குணமாகிப் போகிற ஒன்றுக்கு அந்தப் பெயரைச் சூட்டினால் வீட்டார் கூசி வெளியே சொல்லாமல் மறைப்பார்கள். 'பேது' என்ற பழஞ்சொல் அழகானது. கலக்கம், மயக்கம் என்றே பொருள். ஆனால் வார்டில் யாருக்கும் விளங்காது. என் தேர்வு 'திடீர்க் குழப்பம்'. நோயை அடையாளம் காட்டுவதே அந்தத் 'திடீர்'தான்.

மறதிநோய் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் மெல்ல வளரும். திடீர்க் குழப்பம் சில மணி நேரத்தில், ஓரிரு நாளில் வந்துவிடும். காலையில் தெளிவு, பொழுது சாய்ந்தால் குழப்பம் என்று ஏறி இறங்கும். கவனம் நிற்காது. வாரநாட்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்லுங்கள். முன்பு எளிதாகச் சொல்லக்கூடியவர் சனி, வெள்ளியோடு நூல் அறுந்து நிற்பார்.

கத்துகிறவரை எல்லோரும் கவனிப்பார்கள். பேசாமல், சாப்பிடாமல், கூப்பிட்டால் கண்ணை மட்டும் திறந்து மூடிக் கிடக்கிறவரை "அலுப்பு, தூங்கட்டும்" என்று விட்டுவிடுகிறோம். அதுவும் இதே குழப்பம்தான். கண்ணில் படாமல் போவதால் அதுவே அதிக ஆபத்து. எனக்கு மிகவும் கவலை தருவது இந்த வகைதான்.

மயக்க ஊசிதான் காரணம் என்ற பேச்சு எங்கும் உண்டு. இடுப்பெலும்பு முறிவு அறுவையில் முதுகில் ஊசி போட்டவர்களையும் முழு மயக்கம் கொடுத்தவர்களையும் ஒப்பிட்டு அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த ஆய்வு 2021இல் வெளிவந்தது. இரு பிரிவிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் குழப்பம் வந்தது, வித்தியாசம் இல்லை. பெரும்பாலும் காரணங்கள் பல சேர்ந்தே இருக்கும்: சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல், அடங்காத வலி, சளித்தொற்று, சோடியம் குறைவு, தண்ணீர் போதாமை, சில தூக்க மாத்திரைகள், அலர்ஜி மாத்திரைகள். தினம் குடித்தவருக்குக் குடி நின்றதும் காரணமாகலாம். வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். ஏற்கெனவே ஞாபகம் குறைந்தவர்களுக்கு வாய்ப்பு அதிகம்.

வராமல் தடுக்க வழி உண்டு. 1999இல் அமெரிக்க மருத்துவர் ஷேரன் இனோயி குழுவினர் வெளியிட்ட ஆய்வு, பொது மருத்துவ வார்டில் சேர்ந்த 70 வயது நிரம்பியவர்களைப் பற்றியது. வழக்கமான கவனிப்பில் 15 சதவீதம் பேருக்குக் குழப்பம் வந்தது. கூடுதல் கவனிப்பில் 9.9 சதவீதமாகக் குறைந்தது. அந்தக் கூடுதல் கவனிப்பு பெரும்பாலும் எளிய வேலைதான்: கண்ணாடியும் காது மெஷினும் போட்டுவிடுவது, தண்ணீர் கொடுப்பது, எழுப்பி நடக்கவைப்பது, இரவில் தூங்கவிடுவது, இன்று என்ன கிழமை, எந்த இடம் என்று பேசிக்கொண்டே இருப்பது. இவற்றில் பலவற்றை மகளும் மருமகளும் பேரனும் செய்யலாம். கையைக் கட்டிப்போடுவது குழப்பத்தைக் கூட்டும்.

"நேத்து வரைக்கும் நல்லா பேசினாங்க, இன்னைக்கு மாறிட்டாங்க" என்று நர்ஸிடம் உடனே சொல்லுங்கள். பலருக்குச் சில நாளில் தெளியும், சிலருக்கு வாரங்கள் ஆகும். வீடு திரும்பிச் சில மாதம் கழித்தும் தடுமாற்றம் நீடித்தால் ஞாபகசக்திப் பரிசோதனைக்கு அழைத்துப்போக வேண்டும். ஒருமுறை இது வந்தவர்களுக்குப் பின்னாளில் மறதிநோய் வரும் வாய்ப்பு கூடுதல்.