கோப்பைக்கு இருக்கும் அவசரம் முழங்காலுக்கு இல்லை

நான் இயன்முறை மருத்துவர். சென்ற வாரம் ஒரு பெண் ஊன்றுகோலுடன் என் அறைக்குள் வந்தாள். எனக்கு நன்றாகத் தெரிந்த பெண். வயது 20. தொழில்முறைக் கூடைப்பந்து அணி ஒன்றில் இது அவளுக்கு இரண்டாவது சீசன். வலது முழங்காலுக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைக்கும் ஏசிஎல் என்ற தசைநார் கிழிந்து, அறுவை சிகிச்சை முடிந்து, ஐந்தரை மாதம் என்னிடம் பயிற்சி எடுத்தவள். இன்னும் மூன்றரை மாதமாவது ஆகவேண்டும் என்று நான் எழுதிக் கொடுத்திருந்தேன். அதற்குள் அணி அரையிறுதிக்கு வந்துவிட்டது. 'பத்து நிமிடம் மட்டும் ஆடட்டும்' என்று இறக்கினார்கள். ஆறாவது நிமிடத்தில், வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தைப் பிடிக்க எம்பியவள் இறங்கும்போதே சரிந்துவிட்டாள். பக்கத்தில் யாரும் இல்லை, யாரும் இடிக்கவில்லை. பொருத்திய தசைநாரும் போயிற்று. ஆட்டத்திலும் தோல்விதான்.

இந்த ஆண்டில் என்னிடம் வந்த நான்காவது பெண் இவள். நால்வரின் கதையும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அணி நிர்வாகிகள் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. ஒரு முறை கோப்பை வாங்கிவிட்டோம், தொடர்ந்து வாங்க என்ன வழி? கேட்டுவிட்டு அவர்களே பதிலும் சொல்வார்கள்: இன்னொரு நட்சத்திர வீராங்கனையை வாங்கலாம், வெளிநாட்டுப் பயிற்சியாளரைக் கொண்டுவரலாம். நல்லது, வாங்குங்கள். ஆனால் நீண்ட காலம் வென்ற அணிகளின் வரலாற்றை ஒரு இயன்முறை மருத்துவரின் கண்ணோடு படித்துப் பாருங்கள். அங்கே வேறொரு கதை ஓடுவது தெரியும்.

அமெரிக்காவின் பெண்கள் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ. 1997இல் தொடங்கியது. முதல் நான்கு கோப்பைகளையும் ஹூஸ்டன் காமெட்ஸ் அணியே அள்ளிக்கொண்டது. சிந்தியா கூப்பர், ஷெரில் ஸ்வூப்ஸ், டீனா தாம்ப்சன் என்ற மூவர் நான்கு ஆண்டும் அங்கே சேர்ந்து ஆடினார்கள். 2000க்குப் பிறகு கூப்பர் ஓய்வு பெற்றார். 2001இல் ஸ்வூப்ஸுக்கு ஏசிஎல் கிழிந்தது, அந்த சீசன் முழுதும் அவர் ஆடவில்லை. காமெட்ஸ் அணிக்கு ஐந்தாவது கோப்பை கடைசிவரை கிடைக்கவே இல்லை. கட்டைவிரல் அளவுகூட இல்லாத ஒரு தசைநார் ஒரு அணியின் பொற்காலத்தோடு எப்படிப் பிணைந்திருக்கிறது பாருங்கள்.

மினசோட்டா லிங்க்ஸ் 2011, 2013, 2015, 2017 என ஏழு ஆண்டுகளில் நான்கு கோப்பைகள் வென்றது. அந்த ஏழில் ஆறு முறை இறுதிச்சுற்றுக்கு வந்தது. பயிற்சியாளர் செரில் ரீவ் மாறவில்லை. லிண்ட்சே வேலன், சைமோன் அகஸ்டஸ், மாயா மூர், ரெபெக்கா பிரன்சன் ஆகிய நால்வரும் நான்கு கோப்பையிலும் இருந்தார்கள். 2015இல் சில்வியா ஃபவுல்ஸ் சேர்ந்தார். இவர்களில் அகஸ்டஸுக்கு 2009இலேயே ஏசிஎல் கிழிந்திருந்தது. முறையாகக் குணமாகி வந்தவர், 2011இல் இறுதிச்சுற்றின் சிறந்த வீராங்கனை ஆனார். கிழிந்த முழங்கால் திரும்பி வரும், நேரம் கொடுத்தால்.

நேரம் கொடுத்த அணி என்றால் எனக்கு உடனே நினைவுக்கு வருவது சியாட்டில் ஸ்டார்ம்தான். 2018இல் பிரியானா ஸ்டூவர்ட் அந்த அணிக்குக் கோப்பை வென்று கொடுத்தார். அதே செப்டம்பரில் உலகக் கோப்பையும் ஆடினார். அது முடிந்ததும் ரஷ்ய கிளப்புக்குப் போனார். 2019 ஏப்ரலில், ஐரோப்பிய லீக் இறுதிப் போட்டியில், குதிகால் நரம்பு என்று நாம் சொல்லும் அக்கிலிஸ் அறுந்தது. ஓய்வே இல்லாமல் ஓடிய உடம்பு அது. அடுத்த மாதமே அணியின் மூத்த வீராங்கனை சூ பேர்டுக்கும் முழங்காலில் அறுவை சிகிச்சை. நடப்புச் சாம்பியன் அணி தன் இரண்டு தூண்களும் இல்லாமல் ஒரு முழு சீசன் ஆடியது. கோப்பை கைவிட்டுப் போனது. ஆனால் அந்த ஆண்டில் நடாஷா ஹோவர்ட் சிறந்த தடுப்பாட்டக்காரராக எழுந்து நின்றார், இளையவர்களுக்கு ஆடும் நேரம் கிடைத்தது. 2020இல் இருவரும் திரும்பினார்கள். இறுதிச்சுற்றின் மூன்று ஆட்டங்களையும் வென்று, 3-0 என்று கோப்பை. ஸ்டூவர்ட்தான் இறுதிச்சுற்றின் சிறந்த வீராங்கனை.

இப்போது எனக்கு அடங்காத ஆத்திரம் தரும் விஷயத்துக்கு வருகிறேன். 'ஆறு மாதம் ஆகிவிட்டது, ஸ்கேன் நன்றாக இருக்கிறது, வலியும் இல்லை. ஆட விடுங்கள்.' இந்த மூன்று வாக்கியங்களை நான் கேட்காத மாதம் இல்லை. மூன்றும் உண்மையாக இருக்கலாம். மூன்றும் சேர்ந்தாலும் ஆடலாம் என்று ஆகாது.

அறுவை சிகிச்சையில் புதிதாக வைப்பது பெரும்பாலும் அவளுடைய தொடையிலிருந்தோ முழங்கால் சில்லுக்குக் கீழிருந்தோ எடுத்த ஒரு நாண்தான். ஒட்டுப்போட்ட கிளை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வைத்த அன்று அது உறுதியாக இருக்கிறது. பிறகு முதல் சில மாதங்களில் வலுவிழக்கிறது. பழைய திசு சிதைந்து, புதிய இரத்த நாளங்கள் ஊடுருவி, அது மெல்ல மெல்லத் தசைநாராக மாறவேண்டும். வலி போய், வீக்கம் வடிந்து, பெண்ணுக்கு நம்பிக்கை வருவதும் இதே காலத்தில்தான். ஸ்கேன் படத்தில் தசைநார் இருக்கிறதா என்று தெரியும். எம்பி ஒற்றைக் காலில் இறங்கும்போது அது தாங்குமா என்று படம் சொல்லாது. வலி இல்லை என்பதும் இதைச் சொல்லாது, ஏனென்றால் ஒட்டு வலிப்பதில்லை. இதை எத்தனை முறை சொன்னாலும், அடுத்த வாரம் வேறொரு பயிற்சியாளர் அதே படத்தைக் கைபேசியில் காட்டி 'பாருங்கள், சரியாகிவிட்டது' என்கிறார்.

ஏசிஎல் அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஆடத் திரும்பியவர்களைத் தொடர்ந்து கவனித்த டெலவேர்-ஆஸ்லோ ஆய்வின் முடிவு 2016இல் வெளியானது. ஒன்பது மாதம் வரை, திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் முழங்கால் மீண்டும் காயப்படும் ஆபத்து ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. இளம் வயதில் மீண்டும் விளையாட்டுக்குத் திரும்புபவர்களில், நான்கில் ஒருவருக்கு அதே முழங்காலிலோ மற்றதிலோ தசைநார் மறுபடி கிழிகிறது. பத்து நிமிட ஆட்டத்துக்காக இந்தக் கணக்கில் பணயம் வைப்பது உங்கள் காலை அல்ல, அவள் காலை.

அந்தப் பெண்ணை ஐந்தாவது மாதத்தில் நான் சோதித்த தாள் இதோ மேசையில் இருக்கிறது. ஒற்றைக் காலில் முன்னோக்கித் தாவி அதே காலில் நிற்கவேண்டும். இடது காலில் 148 செ.மீ. தாவினாள். வலது காலில் 109. நாங்கள் எதிர்பார்ப்பது நல்ல காலின் 90 சதவீதமாவது, அவளிடம் இருந்தது 74. அதன்பின் 30 செ.மீ. உயரப் பெட்டியிலிருந்து குதிக்கச் சொன்னேன். இறங்கிய நொடியில் வலது முழங்கால் உள்பக்கமாக மடிந்து மற்ற முழங்காலைத் தேடிப் போனது. பாதமும் 'தொப்' என்று தரையில் அடித்தது. நல்ல இறக்கத்தில் அவ்வளவு சத்தம் கேட்காது. முழங்கால் அப்படி உள்ளே மடிவதுதான் ஏசிஎல்லைக் கிழிக்கும் அசைவு. தாளின் கீழே சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன். யாரும் படிக்கவில்லை.

கூடவே வரும் இன்னொரு பேச்சு: 'பெண்களுக்கு முழங்கால் இயல்பிலேயே பலவீனம், என்ன செய்ய முடியும்?' கூடைப்பந்தில் ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏசிஎல் கிழிவது இரண்டு மடங்குக்கும் மேல் என்பது உண்மை. அந்தக் காயங்களில் பெரும்பகுதி யாரும் இடிக்காமல், இறங்கும்போதும் திடீரென்று திரும்பும்போதும் நேர்கிறது. அதாவது அவற்றைப் பயிற்சியால் தடுக்கலாம். குதித்து இறங்கும் முறை, ஒற்றைக் கால் சமநிலை, பின்தொடைத் தசைக்கு வலு, இவற்றை 15 முதல் 20 நிமிட வார்ம்-அப்பாக விடாமல் செய்த பெண்களிடம் இந்தக் காயம் பாதி அளவுக்குக் குறைந்ததைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. செலவு எதுவும் இல்லை. ஆனாலும் மைதானத்துக்குத் தாமதமாக வந்தால் முதலில் வெட்டுவது இந்த இருபது நிமிடத்தைத்தான்.

மாதவிடாயைப் பற்றிப் பேச இன்னும் கூச்சப்படுகிறார்கள். என்னிடம் வரும் பெண்களில் சிலர் 'நான்கு மாதமாக வரவில்லை, நல்ல உழைப்பு அக்கா' என்று பெருமையாகச் சொல்கிறார்கள். யார் இதைச் சொல்லிக் கொடுத்தது? உழைப்புக்கு ஈடாகச் சாப்பாடு போகாதபோது உடம்பு முதலில் நிறுத்துவது அதைத்தான். அடுத்தது எலும்பு. பாதத்திலும் முழங்காலுக்குக் கீழே உள்ள நீள எலும்பிலும் மயிரிழை விரிசல் விழும். மூன்று மாதம் வராமல் இருந்தால் மருத்துவரைப் பார்த்தே ஆகவேண்டும். அணியில் எடையைப் பலர் முன்னால் சொல்லிக் கேலி செய்யும் பயிற்சியாளர் இந்த விரிசலுக்கும் பொறுப்பாளி.

காயம்பட்டவர் இல்லாமல் எப்படி வெல்வது என்பீர்கள். 2023 இறுதிச்சுற்றை எடுத்துக்கொள்ளுங்கள். லாஸ் வேகஸ் ஏசஸ் 2-1 என்று முன்னிலை. நான்காவது ஆட்டத்துக்கு முன் செல்சி கிரே, கியா ஸ்டோக்ஸ் என்ற இரு தொடக்க வீராங்கனைகளுக்கும் பாதத்தில் காயம். இருவரும் ஆடவில்லை. பெஞ்சில் இருந்தவர்களை வைத்து பயிற்சியாளர் பெக்கி ஹாம்மனின் அணி 70-69 என்று வென்று கோப்பையைத் தக்கவைத்தது. 2025இல் மீண்டும் வென்றபோது கிரே களத்தில் இருந்தார். சீசன் முழுதும் எட்டாவது, ஒன்பதாவது வீராங்கனைக்கு ஆட வாய்ப்புக் கொடுத்துப் பழக்கியிருந்தால்தான் அப்படி ஒரு இரவைக் கடக்க முடியும். ஐந்து பேரையே 38 நிமிடம் ஓட்டும் அணி, ஆறாவது பெண்ணை நம்பவும் முடியாது, முதல் பெண்ணை உட்காரவைக்கவும் முடியாது.

நிர்வாகிகளுக்கு: அறுவை சிகிச்சைக்குப் பின் ஒன்பது மாதத்துக்குமுன் ஆட்டம் கிடையாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். ஒன்பது மாதம் ஆனாலும் சோதனையில் தேறவேண்டும். ஆடலாமா என்று முடிவு செய்யும் அதிகாரம் கோப்பையால் லாபம் பெறாத ஒருவரிடம் இருக்கட்டும். மகப்பேறு விடுப்புக்கு முழுச் சம்பளம் கொடுங்கள், டபிள்யூ.என்.பி.ஏ. 2020 ஒப்பந்தத்தில் அதைச் செய்தது. பயண இரவுக்கு மறுநாள் காலை கடும் பயிற்சி வைக்காதீர்கள்.

பயிற்சியாளர்களுக்கு: வார்ம்-அப்பை வெட்டாதீர்கள். 'வலியைத் தாங்குபவளே வீராங்கனை' என்று பதின்ம வயதுப் பெண்ணிடம் தயவுசெய்து சொல்லாதீர்கள். அவள் நம்பிவிடுகிறாள்.

ஆடும் பெண்களுக்கு அக்காவாக ஒரு வேண்டுகோள். முழங்கால் நழுவுவதுபோல் தோன்றினால் அன்றே சொல்லுங்கள். இடத்தை இன்னொருத்தி பிடித்துவிடுவாளோ என்ற பயம் எனக்குப் புரிகிறது. சூ பேர்ட் 2019 முழுதும் உட்கார்ந்திருந்தார். அடுத்த ஆண்டு தன் 40ஆவது பிறந்தநாளுக்குப் பத்து நாள் முன்னால் நான்காவது கோப்பையை ஏந்தினார்.

அந்தப் பெண்ணுக்கு அடுத்த மாதம் இரண்டாவது அறுவை சிகிச்சை. அதற்குமுன் தொடைத் தசையை எழுப்பவேண்டும். முழங்காலுக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, அதைக் கீழே அழுத்தச் சொன்னேன். இரண்டு முறை ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவது முறை சில்லுக்கு மேலே தசை லேசாகத் துடித்தது. 'எப்போது ஆடலாம் அக்கா?' என்று கேட்டாள். மாதக் கணக்கு எதுவும் சொல்லவில்லை. ஐந்து நொடி பிடித்து விடச் சொன்னேன், பத்து முறை.