ஏற்றுமதி ஏறினால் ஆம்பூரில் கூலி ஏறுமா?

மாதத்தில் 15ஆம் தேதி வாக்கில் மத்திய வர்த்தக அமைச்சகம் முந்தைய மாதத்து ஏற்றுமதி, இறக்குமதி மதிப்பீட்டை வெளியிடும். மறுநாள் காலையில் "தோல் பொருள் ஏற்றுமதி இத்தனை சதவீதம் உயர்வு" என்று ஒரு வரி வாட்ஸ்அப்பில் சுற்றத் தொடங்கிவிடும். அந்த ஒரு வரியை வைத்தே ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் பெரிய பெரிய முடிவுகள் எடுக்கிறார்கள். அப்பர் (காலணியின் மேல்பகுதி) தைக்கும் ஜாப் ஒர்க் யூனிட்டுக்காரர், அதாவது கம்பெனிக்குக் கூலிக்குச் செய்து கொடுப்பவர், இன்னும் நாலு போஸ்ட் பெட் தையல் மெஷினுக்குக் கடன் போடுகிறார். சோல் சப்ளையர் மூன்று மாதக் கடனுக்குச் சரக்கு இறக்கத் துணிகிறார். எண்ணில் பொய் எதுவும் இல்லை. இவர்கள் மனதில் இருக்கும் கேள்வி வேறு, அந்த எண் பதில் சொல்லும் கேள்வி வேறு. சிக்கல் அவ்வளவுதான்.

முதலில் பார்க்க வேண்டியது, உயர்வு எதில் என்பது. ரூபாயிலா, டாலரிலா, ஜோடியிலா? ஒரு கற்பனைக் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். முதல் வருடம் 1,00,000 ஜோடி, ஜோடிக்கு 18 டாலர், ஒரு டாலர் 84 ரூபாய். மொத்தம் 18 லட்சம் டாலர், ரூ.15.12 கோடி. மறு வருடம் 97,000 ஜோடி, ஜோடிக்கு 18.20 டாலர், ஒரு டாலர் 88 ரூபாய். மொத்தம் சுமார் 17.65 லட்சம் டாலர், ரூ.15.54 கோடி. ரூபாய்க் கணக்கில் ஏற்றுமதி கிட்டத்தட்ட 2.8 சதவீதம் கூடியிருக்கிறது. டாலரில் 1.9 சதவீதம் குறைந்திருக்கிறது. ஜோடியில் 3 சதவீதம் குறைந்திருக்கிறது. பீஸ் ரேட்டில் (ஜோடிக்கு இவ்வளவு என்ற கூலியில்) தைப்பவருக்கும் ஜாப் ஒர்க் எடுப்பவருக்கும் வருமானம் ஜோடியில்தான் இருக்கிறது. செய்தி சொன்ன உயர்வு அவர்களுக்கு இறக்கம்.

வர்த்தக அமைச்சகத்தின் ஏற்றுமதி இறக்குமதித் தரவுத் தளத்தில் மதிப்போடு அளவும் கிடைக்கும். தோல் அப்பர் வைத்த காலணிக்கு எச்எஸ் எண் (சரக்கை வகைப்படுத்தும் சர்வதேச எண்) 6403. துணி அப்பர் என்றால் 6404. ரப்பர் அல்லது பிளாஸ்டிக் அப்பர் என்றால் 6402. அப்பர், சோல் போன்ற உதிரிப் பாகங்கள் 6406. பதனிட்ட தோல் அத்தியாயம் 41, பை, பெல்ட், கையுறை வகையறா 42. மதிப்பை அளவால் வகுத்தால் சராசரி விலை வரும். அதிலும் ஒரு பொறி உண்டு: பூட்ஸ் ஆர்டர் கூடிச் செருப்பு ஆர்டர் குறைந்தாலே சராசரி விலை ஏறிவிடும், எந்த மாடலுக்கும் பையர் (ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு நிறுவனம்) ஒரு சென்ட்கூடக் கூட்டிக் கொடுத்திருக்க வேண்டியதில்லை.

"தோல் துறை" என்று சொல்லும்போதே தோல் அல்லாத காலணியையும் அதில் சேர்த்துவிடுவது இன்னொரு குழப்பம். பனப்பாக்கம் சிப்காட்டில் தைவான் நிறுவனம் ஒன்றின் காலணி ஆலைக்கு 2024 டிசம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். செய்யாறு பக்கம் பல வருடமாகவே பெரிய அளவில் ஸ்போர்ட்ஸ் ஷூ உற்பத்தி நடக்கிறது. அங்கெல்லாம் வேலை கிடைத்தால் தையல் தெரிந்த பெண்களுக்கு நல்லதுதான். ஆனால் அந்த ஷூவில் மாட்டுத்தோல் பெரும்பாலும் இருக்காது. 6404 ஏறுகிறது என்பதற்காக மேல்விஷாரம் தோல் ஷாப்புக்கு (தோல் பதனிடும் ஆலைக்கு) ஆர்டர் வந்துவிடாது.

மாவட்டக் கணக்கு பார்ப்பவர்கள் இதைவிட மோசமாக ஏமாறுகிறார்கள். 2019இல் வேலூர் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயின. ராணிப்பேட்டை, வாலாஜா, ஆற்காடு, அரக்கோணம் ராணிப்பேட்டை மாவட்டமாயின. குடியாத்தமும் பேரணாம்பட்டும் வேலூரிலேயே நின்றன. 2018இன் "வேலூர்" எண்ணையும் 2022இன் "வேலூர்" எண்ணையும் அடுத்தடுத்து வைத்தால் தொழிலே அழிந்துபோனதுபோலத் தெரியும். மூன்று மாவட்டத்தையும் கூட்டித்தான் ஒப்பிட வேண்டும். ஷிப்பிங் பில்லில் (ஏற்றுமதிக்குச் சுங்கத்துறையிடம் தரும் படிவத்தில்) சரக்கு எந்த மாவட்டத்தில் உருவானது என்று குறிப்பிடுவது 2020 பிப்ரவரியில்தான் கட்டாயமானது. இன்றும், அப்பர் ஆம்பூரில் தைத்து லாஸ்டிங் (அப்பரை அச்சில் ஏற்றிக் காலணியாக்கும் வேலை) வேறு மாவட்டத்தில் நடந்தால் முழு மதிப்பும் கடைசி மாவட்டத்தின் பேரில் ஏறிவிடும்.

மாதத்துக்கு மாதம் ஒப்பிடும்போது தேதிகளையும் கவனிக்க வேண்டும். 2020 ஏப்ரலில் ஊரடங்கு, ஆலைகள் மூடிக் கிடந்தன. அதனால் 2021 ஏப்ரலின் வளர்ச்சிச் சதவீதத்துக்கு அர்த்தமே இல்லை. 2025 ஆகஸ்ட் 27இல் இந்தியப் பொருள்கள் பலவற்றுக்கு அமெரிக்காவில் 50 சதவீத வரி அமலுக்கு வந்தது. இப்படி நாள் குறித்து வரி வரும்போது எல்லோரும் அதற்கு முன்பே சரக்கைக் கப்பலேற்றிவிடப் பார்ப்பார்கள். முந்தைய மாதம் வீங்கும், அடுத்த மாதம் வற்றும். இரண்டுமே உண்மையான தேவையைக் காட்டாது. குறைந்தது 12 மாதக் கூட்டுத்தொகையை முந்தைய 12 மாதத்தோடு வைத்துப் பார்ப்பதுதான் சரி.

இனி விஷயத்தின் நடுவுக்கு வருவோம். ஒரு ஜோடி ரூ.1,600க்குப் போகிறது என்றால் ஊரில் தங்குவது எவ்வளவு?

மாதிரிக்கு ஒரு கணக்கு. கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வெளிநாட்டிலிருந்து வரும் தோல், பையர் சொன்ன இடத்தில்தான் வாங்க வேண்டிய லைனிங், கெமிக்கல், சோல் எல்லாம் சேர்த்து ரூ.480. வெளிமாநிலத்துப் பச்சைத்தோல், சென்னையிலிருந்து வரும் பிற சாமான்கள், அட்டைப்பெட்டி ரூ.450. மின்சாரம், டீசல், சென்னைத் துறைமுகம் வரை லாரி, ஏஜென்சி செலவு ரூ.120. மீதி ரூ.550. அதில் சம்பளமும் பீஸ் ரேட்டும் ரூ.260, வெளியே கொடுக்கும் ஜாப் ஒர்க் ரூ.90, வங்கி வட்டி ரூ.60, மெஷின் தேய்மானம் ரூ.50, லாபம் ரூ.90. வட்டி வங்கிக்குப் போகும். தேய்மானத்தை ஈடுகட்ட வாங்கும் மெஷின் இத்தாலியிலிருந்தோ தைவானிலிருந்தோ வரும். முதலாளி சென்னையில் வீடு கட்டினால் லாபமும் அங்கேதான். ஊரில் உறுதியாகச் சுற்றுவது கூலியும் ஜாப் ஒர்க்கும் சேர்ந்த ரூ.350.

தோல் விலை மட்டும் ஏறி ஜோடி ரூ.1,700 ஆனாலும் அந்த ரூ.350 அப்படியே நிற்கும். ஏற்றுமதி மட்டும் 6 சதவீதம் கூடியதாகப் பதிவாகும்.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்பதற்கு இந்த மண்ணிலேயே செய்த ஆய்வு ஒன்று இருக்கிறது. பசுமைப் புரட்சியால் வட ஆற்காட்டில் (வேலூர் வட்டாரம் அடங்கிய பழைய மாவட்டம்) என்ன நடந்தது என்று பொருளாதார ஆய்வாளர்கள் பீட்டர் ஹேசலும் சி. ராமசாமியும் 1980களில் கிராமம் கிராமமாக எடுத்த தரவை வைத்து ஆராய்ந்தார்கள். விவசாயத்தில் கூடுதலாகச் சேர்ந்த ஒவ்வொரு ரூபாய் மதிப்புக்கும் விவசாயத்துக்கு வெளியே, அதாவது கடை, வண்டி, சிறுதொழில் ஆகியவற்றில், இன்னொரு 87 பைசா உருவானது என்பது அவர்களின் கணக்கு. மேடைகளில் இந்த வகை எண்ணை எடுத்துத் தோல் ஏற்றுமதியோடு பெருக்கிவிடுகிறார்கள். ரூ.1,600ஐ 0.87ஆல் பெருக்கினால் இன்னும் ரூ.1,392 ஊரில் பிறந்ததாக ஆகும். அபத்தம். அந்த எண் விற்பனைக்கு உரியதல்ல, சேர்ந்த மதிப்புக்கு, அதாவது வெளியே வாங்கிய சாமான் விலை போக மிஞ்சுவதற்கு, உரியது. நெல்லுக்கு உரமும் டீசலும் போக மற்றதெல்லாம் உள்ளூரில் தங்கியது. ஷூவில் தங்குவது கால் பங்குக்குக் கீழே. ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையிலும் சீரகசம்பா மண்டியிலும் புழங்கும் காசு அந்த ரூ.350இலிருந்துதான் புறப்பட வேண்டும். சாமான் பெரும்பாலும் சுற்றுவட்டாரத்திலேயே கிடைத்த அன்றைய வயல் கணக்கை இன்றைய ஷூ பேக்டரிக்கு அப்படியே ஒட்டுவதும் சரியில்லை.

ரூபாய் சரிந்தால் ஏற்றுமதியாளருக்குக் கொண்டாட்டம் என்பதையும் இதே கணக்கில் சோதிக்கலாம். டாலர் 84இலிருந்து 88 ஆனால் 18.20 டாலர் ஜோடிக்குக் கூடுதலாக ரூ.73 வரும். இறக்குமதிச் சாமானுக்கு அதே காரணத்தால் ரூ.22 கூடுதல் செலவு. மிச்சம் ரூ.51. பையருக்கும் டாலர் ரேட் தெரியும். அடுத்த சீசன் விலை பேசும்போது 2 சதவீதம் குறைக்கச் சொல்வார், அது ரூ.32. கையில் நிற்பது ரூ.19. அதிலிருந்துதான் கூலி உயர்வு வர வேண்டும்.

உலக வர்த்தகம் கூடினால் நாடு வளருமா என்ற பெரிய கேள்விக்கு ஆய்வாளர்கள் என்ன சொல்கிறார்கள்? வர்த்தகம் கூடியதால் வளர்ந்ததா, வளர்ந்ததால் வர்த்தகம் கூடியதா என்று பிரிப்பதுதான் இதில் பெரிய தலைவலி. 1999இல் ஃபிராங்கலும் ரோமரும் புவியியலைத் துணைக்கு அழைத்தார்கள். ஒரு நாடு சந்தைகளுக்குப் பக்கத்தில் இருப்பது அது பணக்கார நாடு ஆனதால் அல்ல. எனவே தூரத்தால் விளையும் வர்த்தகத்தை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்த்தார்கள். தேசிய வருமானத்தில் வர்த்தகத்தின் விகிதம் 1 சதவீதப் புள்ளி கூடினால் தலா வருமானம் குறைந்தது அரை சதவீதம் கூடுகிறது என்றார்கள். புவியியல் என்பது வர்த்தகம் வழியாக மட்டுமா வேலை செய்கிறது, தட்பவெப்பம், நோய், ஆட்சியமைப்பு வழியாகவும் செய்யுமே என்று ரோட்ரிகஸும் ரோட்ரிக்கும் மடக்கினார்கள். அந்த மறுப்புக்குப் பின்னால் ஜேம்ஸ் ஃபெய்ரர் கையில் எடுத்தது நல்ல சான்று: 1967 முதல் 1975 வரை சூயஸ் கால்வாய் மூடியே கிடந்தது. நாடுகள் இடம் மாறவில்லை, கடல் தூரம் மட்டும் மாறியது. தூரம் கூடிய நாடுகளில் வர்த்தகம் சரிந்தது, வருமானமும் சரிந்தது.

இந்தப் பக்கத்துத் தொழிலுக்கு அது பழங்கதை இல்லை. 2023 கடைசியில் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கியதும் ஐரோப்பாவுக்குப் போகும் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்ற ஆரம்பித்தன. பயணம் ஒன்றரை, இரண்டு வாரம் நீண்டது. சீசன் சரக்குக்கு அது பெரிய இடி. டெலிவரி தேதி தவறினால் பையர் தள்ளுபடி கேட்பார், அல்லது விமானத்தில் அனுப்பச் சொல்வார். ஜோடிக்கு ஒரு கிலோ எடை என்றாலே விமானக் கட்டணம் மேலே சொன்ன ரூ.90 லாபத்தைச் சாப்பிட்டுவிடும்.

இந்தியாவைப் பற்றிய இரண்டு ஆய்வுகள் எதிரெதிர் முகம் காட்டுகின்றன. 1991க்குப் பிறகு இறக்குமதி வரி குறைந்தபோது வெளிநாட்டு மூலப்பொருள்கள் கிடைத்ததால் இந்தியக் கம்பெனிகள் புதிய பொருள்களைச் செய்யத் தொடங்கின. அப்படி வந்த புதிய பொருள்களில் சராசரியாக 31 சதவீதத்துக்கு இந்த வரிக்குறைப்பே காரணம் என்று கோல்ட்பர்க் குழுவினர் கணக்கிட்டார்கள். 2025-26 பட்ஜெட்டில் வெட் புளூ (குரோமில் பாதி பதனிட்ட) தோலுக்கு இறக்குமதி வரியை முழுதாக நீக்கியதற்குப் பின்னால் இருப்பதும் இதே தர்க்கம்தான். அதே வரிக்குறைப்பு கிராமங்களை எப்படிப் பாதித்தது என்று பெட்டியா டோபலோவா மாவட்ட வாரியாகப் பார்த்தார். வெளிப்போட்டிக்கு அதிகம் ஆளான மாவட்டங்களில் வறுமை குறைந்த வேகம் மற்ற இடங்களைவிட மந்தமாக இருந்தது. ஒரு தொழில் படுத்தால் ஜனங்கள் ஊர் மாறி, தொழில் மாறிப் பிழைத்துக்கொள்வார்கள் என்று பாடப்புத்தகம் சொல்லும். நடைமுறையில் அப்படி நகர்ந்தவர்கள் குறைவு. நாட்டுக்கு நல்லது என்பதும் நம் தாலுகாவுக்கு நல்லது என்பதும் தனித்தனியாக நிரூபிக்க வேண்டியவை என்றே இதை நான் படிக்கிறேன்.

எந்தக் கணக்கிலும் சேராத செலவு பாலாற்றில் இருக்கிறது. 1996 ஆகஸ்ட் 28இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை இந்தத் தோல் ஷாப்புகளின் வழக்கில்தான் உறுதிப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் ரூ.10,000 அபராதம் போட்டது. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கட்டும் பணம் கம்பெனிக்குச் செலவு, உள்நாட்டு உற்பத்திக் கணக்கில் வருமானம். உப்பேறிய கிணறு எதிலும் வராது.

சரி, அந்த நாலு மெஷின் வாங்கலாமா? செய்தியை ஓரம் வைத்துவிட்டு ஆர்டர் ஷீட்டைக் கேளுங்கள். மாதத் தவணை ரூ.18,000, கூலியும் கரண்டும் போக ஜோடிக்கு ரூ.6 நிற்கிறது என்றால் மாதம் 3,000 ஜோடி ஓடினால்தான் தவணை வரும். கம்பெனி வருடத்துக்கு 40,000 ஜோடி தருகிறேன் என்கிறது. சராசரி 3,333, போதுமானதுபோலத் தெரியும். சீசன் இல்லாத நாலு மாதம் 1,500 ஜோடிதான் வரும் என்றால் மாதம் ரூ.9,000 துண்டு விழும், மொத்தம் ரூ.36,000. மற்ற எட்டு மாதத்தில் அதை ஈடுகட்டி மேலே ரூ.24,000 மிஞ்சும். ஆனால் மந்த மாதங்கள் முதலில் வந்தால் தவணை தவறிவிடும். கடன் வாங்கும்போதே அந்த ரூ.36,000 கையில் இருக்க வேண்டும்.

பணம் வந்து சேரும் நாளும் இதில் சேர்த்தி. உத்யம் பதிவு (சிறுதொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) உள்ள குறு, சிறு உற்பத்தி, சேவை யூனிட்டுக்கு எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளிலும், இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும் பணம் வர வேண்டும். தாமதித்தால், வருமான வரிக் கணக்கில் அந்தத் தொகையைப் பணம் கொடுத்த வருடத்தில்தான் கம்பெனி செலவாகக் காட்ட முடியும். 2023-24 நிதியாண்டு முதல் இதுதான் விதி. இதனால் மார்ச் நெருங்கும்போது கம்பெனி அக்கவுண்டண்டே பாக்கிப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவார். உங்கள் பில்லில் உத்யம் எண் அச்சாகியிருக்க வேண்டும், வேலை ஒப்படைத்த தேதிக்கு டெலிவரி சலானில் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும்.