பொற்றேரை

தக்கலை, குலசேகரம் பக்கம் தேங்காயை உடைத்து உள்ளே பருப்பு இல்லையென்றால், 'தேரை மோந்த காய்' என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். தென்னையில் தேரை ஏறி மோந்ததை யாரும் பார்த்ததில்லை. மகரந்தச் சேர்க்கைக் குறைவுக்கும் சத்துக் குறைவுக்கும் தேரை பழி சுமக்கிறது. அதே தேரை முற்றத்து விளக்கடியில் பூச்சி பிடிக்க உட்கார்ந்தால் 'சொறித்தவளை' ஆகிவிடும்!

தேரையையும் தவளையையும் இப்படிக் கலந்துகட்டுவதால்தான் மத்திய அமெரிக்க நாடான கோஸ்டா ரிக்காவில் வாழ்ந்த 'கோல்டன் டோட்' (golden toad) தமிழில் 'தங்கத் தவளை' ஆகிவிடுகிறது. தவளை பொதுப்பெயர், பெரிய பிழையில்லை. ஆனாலும் டோட் என்பது புஃபோனிடே குடும்பம். குட்டைக் கால், பல்லே இல்லாத வாய். அதற்குத் தேரை என்ற தனிச்சொல் கையிலிருக்கிறது. பழைய சொல்தான்: குறுந்தொகை 193-இல் மலைச்சுனையின் 'பகுவாய்த் தேரை' தட்டைப்பறை போல ஒலிக்கிறது. சரி, சொறித்தவளை என்று சொல்லிவிட்டால் என்ன? இங்கே ஒட்டாது. கோல்டன் டோடின் தோலில் சொறியே கிடையாது, வழவழவென்று மினுங்கும்.

1966-இல் இதை அறிவியல் முறைப்படி விவரித்த உயிரியலாளர் ஜே சாவேஜ், யாரோ எனாமல் பெயின்டில் முக்கி எடுத்துவிட்டார்களோ என்று முதலில் சந்தேகப்பட்டாராம். அவர் வைத்த 'பெரிகிளேனிஸ்' என்ற இனப்பெயருக்குக் கிரேக்கத்தில் 'மிகப் பளிச்சென்றது' என்று பொருள். ஆணின் நிறம் உண்மையில் தங்கமே அல்ல. நம்மூர் செவ்விளநீர்க் காயின் நிறம். பெண் கருமையாக, மஞ்சள் விளிம்பிட்ட சிவப்புப் புள்ளிகளோடு இருக்கும். இரண்டும் சுமார் 5 செ.மீ. நீளம்தான்.

பொன் + தேரை = பொற்றேரை. பொற்றாமரை என்று சொல்லும் நாக்குக்கு இது கஷ்டமில்லை. தங்கத் தேரை என்றாலும் சண்டைக்கு வரமாட்டேன்.

கோஸ்டா ரிக்காவின் மான்டிவெர்டே மேகக் காட்டில், இந்தத் தேரை ஆண்டின் பெரும்பகுதி மண்ணுக்கடியில் கிடந்து, மழை தொடங்கும்போது சில வாரம் மட்டும் வெளியே வந்தது. மரவேரடிக் குட்டைகளில் கூடி முட்டையிட்டது. 1987-இல் 1500-க்கும் மேல் கண்ணில் பட்டன. அந்த ஆண்டு எல் நினோ வறட்சியில் குட்டைகள் காய்ந்து முட்டைகள் வீணாயின. மறு ஆண்டு விரல்விட்டு எண்ணும் அளவுதான். 1989-இல் ஒரே ஒரு ஆண், அப்புறம் எதுவுமில்லை. வறட்சியோடு தவளை, தேரைகளின் தோலைத் தாக்கும் கைட்ரிட் பூஞ்சை நோயும் சேர்ந்திருக்கலாம் என்கிறார்கள். 2004-இல் அற்றுப்போன இனமாக அறிவித்தார்கள். அகராதியில் பொற்றேரையைச் சேர்ப்பவர்கள் பொருள் எழுதும்போது 'வாழும்' என்று போடாமல் 'வாழ்ந்த' என்று போட வேண்டும்.